யாருக்கும் தோன்றியிருக்கக்கூடிய கால்

தொண்ணூறுகளின் தொடக்கம். கோலாலம்பூருக்கு வடக்கே, தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் பீச் ஸ்ட்ரீட் பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்த வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வழக்கறிஞர் இல்லை. பல்கலைக்கழகத்தில் ரப்பர், பிளாஸ்டிக், இழைகள் என்று பொருள்களைப் பற்றிப் படித்தவள். எதையாவது புதிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று யாராவது வந்தால், அதற்குக் காப்புரிமை கிடைக்குமா கிடைக்காதா என்று படித்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. சின்ன வயதிலிருந்து எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்டு வீட்டில் ஏச்சு வாங்கியவள் நான். அதே கேள்வியைக் கேட்கச் சம்பளமும் கொடுத்தால் கசக்குமா?

காப்புரிமை கேட்டு வரும் எதையும் சட்டம் மூன்று கேள்வி கேட்கும். இது இதற்கு முன் இருந்ததா? தொழிலுக்குப் பயன்படுமா? இந்த இரண்டுக்கும் எப்படியாவது பதில் கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவதுதான் தலைவலி. அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்கு இது சாதாரணமாகவே தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும் என்றால் காப்புரிமை கிடையாது. யார் அந்த 'ஒருவர்' என்றால், அவர் சட்டம் கற்பனை செய்துகொண்ட மனிதர். தன் தொழிலைப் பற்றி உலகில் வெளிவந்த எல்லாவற்றையும் படித்திருப்பார். எதையும் மறக்க மாட்டார். ஆனால் சொந்தமாக ஒரு யோசனையும் வராது. எங்கள் அலுவலகத்தின் சீன வழக்கறிஞர் இதை எனக்கு முதல்முறை விளக்கியபோது, அப்படிப்பட்டவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருடம் சுங்கை பாக்காப்பிலிருந்து ஓர் அண்ணன் எங்களிடம் வந்திருந்தார். சிம்பாங் அம்பாட் பக்கத்தில் தூண்டில் கம்பு செய்யும் தொழிற்சாலையில் டெக்னீஷியன். கார்பன் இழைத் துணியை ரெசினில் நனைத்து, அச்சில் சுற்றி, சூளையில் வேகவைத்து எடுப்பார்கள். இரும்பைவிட உறுதியாக, கையில் எடுத்தால் காகிதம்போல இருக்கும். அவருடைய அக்காவுக்கு மோட்டார்சைக்கிள் விபத்தில் முழங்காலுக்குக் கீழே இடது கால் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த செயற்கைக் காலில் அவரால் சரியாக நடக்க முடியவில்லை. தம்பி, முதலாளியிடம் அனுமதி வாங்கி, மிஞ்சிய கார்பன் துணியில் தானே ஒரு பாதம் செய்தார். மெல்லிய இரண்டு கார்பன் தகடுகள், ஒன்றின்மேல் ஒன்று. நடுவில் ரப்பர் பாலில் ஊறவைத்துக் காயவைத்த துணி. கணுக்கால் பக்கம் மட்டும் ஆணி முடுக்கியிருக்கும். நடக்கும்போது வில்லைப் போல உந்தித் தள்ளும். குந்தி உட்கார்ந்தால் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் பாதம் வளைந்து கொடுக்கும்.

அதற்குத்தான் காப்புரிமை கேட்டு மனுப் போட்டிருந்தோம். கோலாலம்பூரிலிருந்து பரிசோதகரின் பதில் வந்தது. கார்பன் வில் வைத்த பாதம் அமெரிக்காவில் ஏற்கெனவே இருக்கிறது, வெறுங்காலுக்கு ஏற்ற ரப்பர் பாதம் இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று எழுதியிருந்தார். அநியாயமாக ஒன்றும் எழுதவில்லை. முதல்முறை படித்தபோது நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஆனால் அந்த அண்ணனுக்கு அது சும்மா ஒரு தாள் இல்லை. அவருடைய தொழிற்சாலை ஜோகூருக்கு மாறப்போகிறது. சூளை போய்விட்டால் அவரால் இன்னொரு பாதம் செய்ய முடியாது. அக்கா போட்டிருந்த ஒரே பாதத்தில் மேல்தகடு ஓரத்தில் கீற ஆரம்பித்திருந்தது. பக்கத்து ஊரான பிறையில் ஒரு சீனத் தவுக்கே, சிறு தொழிற்சாலை முதலாளி, காப்புரிமை கிடைத்தால் அச்சு செய்து பாதங்களைத் தயாரிக்க ஒப்புக்கொண்டிருந்தார். கிடைக்காவிட்டால் நாளைக்கே இன்னொருவர் அதையே பார்த்துச் செய்வார், எனக்கு எதற்கு வம்பு என்று சொல்லிவிட்டார். அக்கா தொடர்ந்து நடப்பதும் மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நாங்கள் எழுதப்போகும் பதிலில் இருந்தது. வழக்கறிஞர் என்னிடம், உனக்கே இது சாதாரணம் என்று பட்டால் நேராகச் சொல்லிவிடு, அவர்களுக்கு வீண் ஆசை காட்ட வேண்டாம் என்றார்.

அந்த அண்ணனைக் கூப்பிட்டு, இதை எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டேன். நமக்காக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், மனிதர் கண்ணைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டே, "பெருசா ஒண்ணும் இல்ல மிஸ். சாதாரணமா யாரும் செய்யறதுதான் லா" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. பரிசோதகர் சொல்வதையே கண்டுபிடித்தவரும் சொன்னால் நான் எதை எழுதுவது? வேறு விஷயம் எல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவர், ஆஸ்பத்திரிக் காலைத் திட்டினால் அரைமணி நேரம் திட்டுகிறவர், இதைக் கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொண்டார்.

அப்போது ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. விடையைப் பார்த்துவிட்ட நான், பார்க்காதவள்போல எப்படி யோசிப்பது? புதிரின் விடை தெரிந்த பிறகு புதிர் சுலபமாகத்தானே தெரியும். பரிசோதகரும் என்னைப் போல விடையைப் பார்த்துவிட்டுத்தானே எழுதியிருக்கிறார். சரி, பார்க்காத ஆள்களிடமே கேட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மனுப் போட்டாகிவிட்டதால் காட்டினால் பாதகமில்லை. அண்ணனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன்.

மூன்று பேரைப் பிடித்தேன். பத்து மாவுங் என்ற மீனவர் ஊரில் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்யும் ஒரு சீனர். ஆஸ்பத்திரிப் பட்டறையில் செயற்கைக் கால் செய்து ஓய்வு பெற்ற ஒரு மலாய்க்காரர். என்னோடு படித்து, பூப்பந்து ராக்கெட் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்த என் தோழி. மூவரிடமும் அமெரிக்கப் பாதத்தின் படத்தையும் இந்தியப் பாதத்தின் படத்தையும் காட்டி, வெறுங்காலில் நடந்தால் அமெரிக்கப் பாதத்தைப் போட்டவர் தடுமாறுகிறார், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

படகுக்காரர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒரு தனிச் செருப்பு வாங்கிக் கொடு, கதை முடிந்தது என்றார். என் தோழி தாள் எடுத்து வரைந்தே காட்டினாள். கணுக்காலில் ஒரு திருகு, வெளியே போகும்போது ஏற்றிக்கொள்ளலாம், வீட்டுக்கு வந்தால் இறக்கிக்கொள்ளலாம். மலாய்ப் பெரியவர்தான் இரண்டு படங்களையும் நெடுநேரம் பார்த்தார். கார்பனையும் ரப்பரையும் சேர்க்கவே சேர்க்காதே என்றார். அவர் பட்டறையில் முயன்று பார்த்திருக்கிறார்களாம். எந்தப் பசை போட்டாலும் நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் கொஞ்ச நாளில் பிரிந்துவிடும். நல்ல பசை ஒன்று வருகிற வரைக்கும் வீட்டுக்கு ஒரு கால், வெளியே ஒரு கால் என்று இரண்டு வைத்துக்கொள்வதுதான் வழி என்றார்.

பிறகு மூவரிடமும் எங்கள் அண்ணனின் படத்தைக் காட்டினேன். அதுதான் வேடிக்கை. படகுக்காரர், லாரி வில் மாதிரிதானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மலாய்ப் பெரியவர் தலையை ஆட்டி, ஆமாம் ஆமாம், இப்படித்தான் செய்ய வேண்டும் என்றார். என் தோழியோ, சற்று முன் வரைந்த திருகு இன்னும் மேசையில் கிடக்க, "இதானா? எனக்கே தோணியிருக்குமே லா" என்றாள். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினாள். ஒரு விஷயத்தைப் பார்த்த கணத்தில், அதைப் பார்ப்பதற்கு முன்பு நாம் எப்படி இருந்தோம் என்பதே நமக்கு மறந்துவிடுகிறது. என் சொந்தத் தலைக்குள்ளும் இதுதான் நடந்திருக்கிறது என்று புரிந்தபோது எனக்குச் சிலிர்த்தது.

குதித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். வழக்கறிஞர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வியில் என்னை உட்கார வைத்தார். வெறுங்காலில் தடுமாறுகிறார் என்று நீயே சொல்லிக் கொடுத்துவிட்டாய், கண்டுபிடிப்பில் பாதி அதுதானே, அந்தப் பாதி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாயா? தவிர, மூன்று பேர் சொன்னது நமக்குச் சுவாரசியம், கோலாலம்பூருக்கு அது காரணம் ஆகாது, ஏன் அவர்களுக்குத் தோன்றவில்லை என்று எழுத வேண்டும் என்றார். எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் சரியான கேள்வி.

அந்த வாரமே ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, சுங்கை பாக்காப் போனேன். அக்கா என்னை வாசலில் நின்றே வரவேற்றார். பாலர்பள்ளி ஆசிரியையாக இருந்தவர், நல்ல கணீர்க் குரல், பேச்சில் எதையும் ஒளிக்காதவர். ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய காலைப் போட்டு நடந்து காட்டுங்கள் என்று கேட்டேன். மாற்றிக்கொண்டு, சப்பாத்துப் போட்டு முற்றத்தில் நடந்தார். நன்றாகவே நடந்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் கால் வைத்தார். உடனே உடம்பு பின்னால் சாய்ந்தது. கை தானாகச் சுவரைத் தேடியது.

விஷயம் இவ்வளவுதான். அந்தப் பாதம் குதிகால் உயர்ந்த சப்பாத்துக்கென்றே செய்தது. கழற்றினால் குதிகால் இறங்கிவிடும், காலே பின்னால் சாய்ந்துவிடும். அதைச் செய்து அனுப்பும் வெளிநாட்டில் சப்பாத்தோடு எழுந்து சப்பாத்தோடு படுக்கைவரை போகிறார்கள். நாமோ வீடு, கோயில், பாலர்பள்ளி என்று எங்கே போனாலும் வாசலில் கழற்றுகிறோம். ஆஸ்பத்திரியிலும் நம் ஆள்கள்தான், தங்கள் வீட்டு வாசலில் தினம் கழற்றுகிறவர்கள்தான். ஆனால் அங்கே சப்பாத்தோடு நடக்கவைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது, இன்னும் பழக வேண்டும் என்று எழுதி அனுப்பிவிடுவார்களாம்.

"வீட்டுக்குள்ள செருப்பு போட்டா அம்மா ஏசுவாங்க, சாமி மேடை இருக்குல்ல. கழட்டினா விழுவேன். நாந்தான் ஒழுங்கா நடக்கப் பழகலன்னு நெனச்சேன் தங்கச்சி" என்றார் அக்கா.

அந்தக் காலோடு இருந்தவரை கோயிலுக்கே போகவில்லையாம். கல்யாணங்களுக்கும் போகவில்லை. பாலர்பள்ளியில் பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள், இவரால் இறங்கவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை, வேலையையும் விட்டுவிட்டார். கால் போனதில் மனசு உடைந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவரும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். ஒரு சப்பாத்தின் குதிகால் உயரம், ஒரு பெண் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதை மாற்றியிருக்கிறது. முற்றத்தில் நன்றாக நடக்கும் அக்கா வாசலைத் தாண்டியதும் ஏன் சாய்கிறார் என்று முதலில் கேட்டவர் தம்பிதான்.

வழக்கறிஞர் கேட்ட பாதிக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் மறுபாதி? மலாய்ப் பெரியவர் சொன்னது ஞாபகம் வந்து, தகடுகள் வழுக்கினாலும் ரப்பர் துணி ஒரு பக்கமாவது ஒட்டியிருக்க வேண்டுமே, அது பிரியாமல் இருக்க என்ன பசை போட்டீர்கள் என்று பக்கத்தில் நின்ற அண்ணனிடம் கேட்டேன். அவர் இந்த முறை தரையைப் பார்த்தார். அக்கா பட்டென்று சொல்லிவிட்டார்.

"பசையா? ஒட்டவே இல்லையே. இவன் எத்தனையோ பசை போட்டுப் பாத்தான், எல்லாம் பிச்சுக்கிட்டு வந்துச்சு. இன்னும் நல்ல பசை வாங்கிட்டு வரேன்னு பட்டர்வொர்த் போயிட்டான். பக்கத்து வீட்டுல கல்யாணம். நான் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? துணிய நடுவுல வச்சு, ஆணிய முடுக்கி, மாட்டிக்கிட்டுப் போயிட்டேன்."

அந்தக் கல்யாணத்தில் அவர் செருப்பைக் கழற்றி, மணமக்களை வாழ்த்த மணவறை ஏறினார். சாயவில்லை. வீட்டுக்கு வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். பாதம் வளைந்து கொடுத்தது. பசையோடு வந்த தம்பியிடம், இனிமேல் இதில் கை வைக்காதே, ஒட்டினால் கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டாராம்.

அண்ணனின் முகம் வெளிறிப்போயிருந்தது. "அதச் சொன்னா பேட்டன்ட் கிடைக்காதுன்னு பயந்தேன் மிஸ். கண்டுபிடிச்சேன்னு எழுதிக் கொடுத்திருக்கோம். ஆனா அது தானா நடந்ததுதானே" என்றார்.

இத்தனை நாள் அவர் 'சாதாரணம், சாதாரணம்' என்று சொல்லி மறைத்தது இதைத்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. சட்டத்துக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை என்று விளக்கினேன். பத்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு வந்தாலும் ஒன்றுதான், அவசரத்தில் கைதவறி வந்தாலும் ஒன்றுதான். மற்றவர்கள் அந்த வழியில் போயிருப்பார்களா என்பது மட்டும்தான் கேள்வி. பிரிந்தால் இன்னும் நல்ல பசை தேடு என்றுதான் எல்லாருடைய புத்தியும் போயிருக்கிறது. மலாய்ப் பெரியவர் பசைக்காகக் காத்திருக்கச் சொன்னார். இந்த அண்ணனே பசை வாங்கப் போனார். எல்லாம் படித்து எதையும் யோசிக்காத அந்தக் கற்பனை மனிதரும் அவருக்கு முன்னால் கடையில் நின்றிருப்பார். ஒட்டாமல் விட்டால்தான் வேலை செய்யும் என்பது அவருக்குத் தோன்றியிருக்க வழியே இல்லை. நான் தேடி அலைந்த காரணம், கண்டுபிடித்தவர் வெட்கப்பட்டு ஒளித்துவைத்த இடத்தில் இருந்தது.

ஒட்ட வேண்டாம் என்று கண்டுகொண்டவர் அக்காவும்தானே, அவர் பெயரும் மனுவில் வர வேண்டும் என்றேன். அக்கா நம்பவில்லை. "எம் பேரா? நான் என்ன பண்ணேன், போட்டுக்கிட்டுப் போனேன்" என்றார். போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து, ஒட்டாதே என்று சொன்னீர்களே, அதுதான் என்றேன்.

வழக்கறிஞர் இதைக் கேட்டுவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். மனுப் போடுவதற்கு முன்பே அந்தக் கல்யாணத்தில் நாலு பேர் பார்த்துவிட்டார்களே, இனி இதைப் புதிது என்று சொல்ல முடியுமா என்று ஒரு கணம் பயந்தார். ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டிருந்ததால் சட்டம் அதை மன்னித்தது. இருவரும் உட்கார்ந்து பதில் எழுதினோம். கார்பன், ரப்பர் சேர்ந்த எந்தப் பாதமும் எங்களுக்கே சொந்தம் என்று முதலில் கேட்டிருந்ததை விட்டுக்கொடுத்தோம். ஒட்டாமல் வழுக்கவிட்ட தகடுகளுக்கு மட்டும் கேட்டோம். இப்படி வெட்டிவிட்டீர்களே என்று அண்ணன் முணுமுணுத்தார். சில மாதங்கள் ஒரு சத்தமும் இல்லை. தபால் வரும் நேரமெல்லாம் நானே கீழே இறங்கிப் போய்ப் பார்ப்பேன். கடைசியில் பரிசோதகர் ஒப்புக்கொண்டார். தவுக்கேயும் சொன்னபடி அச்சு செய்தார். கீறல் விட்ட பாதம் ஒடிவதற்கு முன் அக்காவுக்குப் புதியது வந்துவிட்டது.

அடுத்த வருடம் பாலர்பள்ளி ஆண்டு விழாவுக்கு அக்கா என்னை அழைத்திருந்தார். மறுபடி அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்தார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் யார் கையையும் பிடிக்காமல் எழுந்து வந்தார். நிகழ்ச்சி முடிந்த பிறகு, மோட்டார் பட்டறை வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவர் அக்கா கூடவே வைத்திருந்த மாற்றுப் பாதத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெண்டு தகடு, நடுவுல ஒரு துணி, இதுக்குப் போய் பேட்டன்ட்டா, யாரும் செஞ்சிருக்கலாமே என்றார். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். கோபமே இல்லை அவர் குரலில்.

"செஞ்சிருக்கலாந்தான் அண்ணே. யாரும் செய்யலையே" என்றார்.

கோலாலம்பூருக்கு நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ கண்டுபிடிப்புகளைப் படித்துவிட்டேன். 'இது தெரிந்ததுதானே' என்று மனம் முந்திக்கொண்டு சொல்லும்போதெல்லாம், பார்ப்பதற்கு முன்பே தெரிந்ததா, பார்த்த பிறகு தெரிந்ததா என்று ஒருமுறை என்னையே நிறுத்திக் கேட்டுக்கொள்கிறேன், அநேகமாக ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகுதான்.